எனிஸ் செஷனில் ஒரு கும்பகோணத்து வயலின்: எப்படி உள்ளே நுழைவது?

ஷானன்கரை:

வணக்கம். வேலை ஷானனில், வீடு எனிஸில். அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டம், வருடத்தில் பாதி நாள் மழை. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள், சமைக்கச் சோம்பல், பக்கத்துத் தெரு பப்பில் சூப்பும் ரொட்டியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூலை மேஜையில் ஐந்தாறு பேர் நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, பாதிப் பேர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஐரிஷ் நாட்டுப்புற இசையை இப்படிக் கூடி உட்கார்ந்து வாசிப்பதைத்தான் இங்கே செஷன் என்கிறார்கள். மூன்று பிடில், ஒரு மரப் புல்லாங்குழல், ஒரு பாட்டி கையில் ஆறு மூலைக் குட்டிப் பெட்டி, கான்செர்டினா. பாட்டி யாரிடமோ பேருந்து நேரம் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு ஸ்வரம் அழுத்தினார், அடுத்த நொடி எல்லோரும் உள்ளே. யார் சைகை காட்டினார்கள் என்றே தெரியவில்லை. சூப் ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது.

அதிலிருந்து வாராவாரம் போகிறேன். ஓர் ஆரஞ்சு ஜூஸ், ஓரத்து ஸ்டூல், மூன்று மணி நேரம். நான் கும்பகோணத்தில் எட்டு வருடம் வயலின் கற்றவன். வர்ணம் தாண்டி ஏழெட்டு கீர்த்தனை, அப்புறம் பிளஸ் டூ வந்து வயலின் பெட்டிக்குள் போய்விட்டது. இப்போது மறுபடி எடுத்திருக்கிறேன்.

மகளுக்கு ஏழு வயது. வகுப்புத் தோழிகளோடு ஸ்டெப் டான்ஸ் கற்கிறாள், கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு கால் மட்டும் பறக்குமே, அது. வீட்டில் பயிற்சிக்கு ஒரு ஜிக், அதாவது ஐரிஷ் ஆட்ட மெட்டு, வாசித்துக் காட்டினேன். ஸ்வரம் ஒன்றுகூடப் பிசகவில்லை, சத்தியமாக. நாலு அடி ஆடிவிட்டு நின்றுவிட்டாள். "அப்பா, நீ வாசிச்சா காலே எழும்ப மாட்டேங்குது."

எங்கே தப்பு? சுருதி மாற்ற வேண்டுமா, உட்காரும் முறையை மாற்ற வேண்டுமா, அந்த மேஜைக்கு வயலினோடு போனால் விரட்டிவிடுவார்களா? இந்தப் பக்கம் யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்.

வில்லும் விரலும்:

நானும் இதே வழியாக வந்தவன்தான், டப்ளினில் பத்து வருடமாக. முதலில் சுருதி. நாம் ஸ-ப-ஸ-ப என்று கட்டுகிறோம், அவர்கள் ஜி-டி-ஏ-ஈ, ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமம். நீங்கள் மூன்று அல்லது நாலு கட்டையில் வைத்திருந்தால் நான்கு தந்தியும் அவர்களுடையதைவிடத் தளர்ந்திருக்கும். ஒரே மூச்சில் முறுக்காதீர்கள், பழைய மேல் தந்தி முகத்தில் அடிக்கும், எனக்கு அடித்தது. புதுத் தந்தி ஒரு செட் வாங்கிவிடுங்கள்.

உட்காருவது நாற்காலியில்தான். நமக்கு வயலின் தலை வலது பாதத்தில் ஊன்றி நிற்பதால் இடது கை மேலும் கீழும் தாராளமாக ஓடும். நாற்காலியில் அந்தத் தாங்கல் போய்விடும், முதல் மாதம் பிடில் நழுவிக்கொண்டே இருக்கும். ஆனால் இவர்களுடைய டியூன்கள் பெரும்பாலும் முதல் பொசிஷனிலேயே முடிந்துவிடும், கை ஏற வேண்டிய தேவையே குறைவு. பழைய கிராமத்து ஆட்கள் தாடையைக்கூட வைக்காமல் மார்பில் சாய்த்தே வாசித்திருக்கிறார்கள், அதனால் உங்கள் பிடி அழகாக இல்லை என்று அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ராகம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. கேட்டவுடன் கண்டுபிடித்திருப்பீர்கள்: பெரும்பாலானவை சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரஹரப்ரியா, கொஞ்சம் நடபைரவி, இந்த நாலு மேளகர்த்தா ராகத்துக்குள் அடங்கும். ஒரே ஒரு குறும்பு உண்டு. டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நிஷாதம் சில வாசிப்பில் கைசிகியும் இல்லை, காகலியும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கும். பியானோக்காரர்களுக்கு அது வராது, நமக்கு வரும். அதைக் கேட்டபோதுதான் எனக்கு இந்தச் சங்கீதத்தோடு சொந்தம் உண்டானது.

கமகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நாம் ஸ்வரத்தை அசைக்கிறோம், அவர்கள் ஸ்வரத்தை வெட்டுகிறார்கள். ரோல் என்று ஒன்று இருக்கிறது: ஸ்வரம், மேலே ஒரு சுண்டல், மறுபடி ஸ்வரம், கீழே ஒரு தட்டு, மறுபடி ஸ்வரம். ஜிக்கில் இது மொத்தமும் ஒரு தகிடவுக்குள் முடிய வேண்டும். சுண்டலும் தட்டும் சுருதியாகவே காதில் விழக் கூடாது, மிருதங்கத்து விரல்சொல் மாதிரி விழ வேண்டும். எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆட்ட மெட்டு வகைகளின் தாளத்தைச் சொல்கட்டாகச் சொன்னால்: ஜிக் தகிட தகிட, ரீல் தகதிமி தகஜொணு, ஸ்லிப் ஜிக் மூன்று தகிட. ஆனால் ஜிக்கின் தகிட சமமாக இருக்காது. "த" கொஞ்சம் நீளும், "கி" இருக்கிறதா இல்லையா என்று போகும், "ட" அடுத்த "த"வைத் தள்ளிவிடும். உங்கள் மகளின் கால் எழும்பாததற்கு இதுதான் காரணம் என்று பந்தயம் கட்டுகிறேன், நீங்கள் மூன்றையும் சமமாக, சுத்தமாக வாசித்திருப்பீர்கள், எட்டு வருடம் அதற்குத்தானே குட்டு வாங்கினோம்.

மேஜை விவகாரம். விரட்டமாட்டார்கள், ஆனால் காலி நாற்காலி என்று போய் உட்காராதீர்கள், அது முப்பது வருடமாக யாரோ ஒருவருடைய நாற்காலியாக இருக்கும். வயலின் பெட்டியைக் காலடியில் தெரியும்படி வைத்துக்கொண்டு வழக்கமான ஸ்டூலில் உட்காருங்கள். இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ யாராவது "வாசிப்பீர்களா" என்று கேட்பார்கள். தெரியாத டியூனில் தடவித் தடவி கூடவே வாசிக்காதீர்கள், மெதுவாக வாசித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். ஒரு டியூன் 32 பார் (தாளக் கட்டம்), ரீல் என்றால் ஒரு சுற்று ஏறக்குறைய 35 வினாடி, வழக்கமாக மூன்று முறை வாசித்துவிட்டு நிற்காமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். மூன்றாவது சுற்றில் பிடித்துவிடலாம் என்று தோன்றும்போது டியூன் மாறியிருக்கும். யாராவது துணையில்லாமல் பாட ஆரம்பித்தால் கிளாஸைக்கூட மேஜையில் வைக்காதீர்கள், அவ்வளவு அமைதி வேண்டும்.

மே மாதம் உங்கள் ஊரிலேயே ஃப்ளா நுவா இசை விழா. ஜூலை முதல் வாரம் மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி, 1973 முதல் நடக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. லீவு இப்போதே சொல்லிவிடுங்கள்.

காவிரி வடகரை:

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். கும்பகோணத்தில் எட்டு வருடம் வயலின் தூக்கித் திரிந்தவர், அதே தெருவில் கோயில் திருவிழாவுக்கு வந்த நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்ததுண்டா? தப்பு அடிப்பவரிடம் "அண்ணே, இந்த அடி எப்படி" என்று கேட்டதுண்டா? அங்கே இட்லி ஆறவில்லை, இங்கே சூப் ஆறுகிறது.

சரி, திட்டியது போதும், ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நீங்கள் அந்நிய வீட்டுக்குப் போகவில்லை. வயலின் நம் கைக்கு வந்ததே பாலுசாமி தீட்சிதர் (1786–1859) காலத்தில், வெள்ளைக்காரர்களிடமிருந்து. அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார், நாற்பதுக்குக் கிட்ட இருக்கும், நொட்டுஸ்வரம் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவோமே. "சந்ததம் பாஹிமாம்" அவர்களுடைய ராஜா பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் நடன மெட்டுகளும் கிடக்கின்றன. உங்கள் வாத்தியார் மூன்றாம் வருடம் சொல்லிக்கொடுத்திருப்பார், நீங்கள் பாடமாக நினைத்து வாசித்திருப்பீர்கள். அதற்கு ஆடலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, அந்தக் காலத்துக் கச்சேரி நோட்டீஸில் வயலின் என்றா போட்டார்கள்? பிடில் என்றுதான்.

ஷானன்கரை:

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. உட்கார்ந்ததில்லை. திருவிழாவில் மேளம் கேட்டால் ஓடுவேன், ஆனால் வயலின் வகுப்பில் சேர்ந்த பிறகு "அங்கெல்லாம் போய் நிற்காதே, காது கெட்டுப்போகும்" என்று வீட்டில் சொல்வார்கள், நானும் நின்றுவிட்டேன். இங்கே யாரும் அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால்தான் உட்கார்ந்தேனோ என்னவோ.

நொட்டுஸ்வரம் வாசித்தேன் இன்று காலை. மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கால் எழும்பவில்லை.

கார்க் அக்கா:

தம்பி, டப்ளின்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் கையில் இருந்து தொடங்குகிறார். நான் ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவள், காலில் இருந்து சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கார்க் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் நர்ஸ் வேலை, 22 வருடம். கெரி எல்லை பக்கத்தில், ஷ்லீவ் லூக்ரா என்று சொல்லும் பகுதி. இங்கே ரீலைவிட போல்கா, ஸ்லைடு என்ற ஆட்ட மெட்டுகள்தான் ஆட்சி. என்னோடு வார்டில் நின்ற ஒரு மனுசி ஒருநாள் வந்து, "எட்டுப் பேர் வேணும், ஏழு பேர்தான் இருக்கிறம், நீ வந்து நில்" என்றாள். போய் நின்றேன். அவ்வளவுதான் என் அரங்கேற்றம்.

உங்கள் மகள் ஆடுவது ஸ்டெப், தனியாக ஆடுவது, போட்டிக்குப் போவது. நான் சொல்வது செட். நாலு சோடி சதுரமாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு குவாட்ரில் இந்த நாட்டுக்குள் வந்து, ஊருக்கு ஊர் தன் கால்பழக்கத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. ஒரு செட்டில் நாலைந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் இசை தொடங்கி நிற்கும், இடையில் மூச்சு வாங்கலாம், பகிடி விடலாம். உங்கள் கிளேரில் கலிடோனியன் செட், காலால் தரையை அடித்து அடித்து ஆடுவார்கள், நல்ல வடிவாக இருக்கும். முதல் இரவு நான் மிதிக்காத கால் இல்லை. கையைப் பிடித்துச் சுழற்றும்போது எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார், தரையைப் பார்க்காதே, தலை சுற்றாது. அதைச் சொல்லித் தந்தவர் எண்பது வயதுப் பால்பண்ணைக்காரர்.

இந்த இசை பப்பில் பிறந்தது இல்லை தம்பி, குசினியில், உங்கள் சமையலறையில், பிறந்தது. அறுவடை முடிந்தால், யாராவது அமெரிக்கா போனால், ஒரு வீட்டுக் குசினியில் மேசையைத் தூக்கி வெளியில் வைத்துவிட்டு ஆடுவார்கள். மண் தரை என்றால் அரைக்கதவைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் ஆடுவார்கள். கல் தரை என்றால், அடி கேட்கட்டும் என்று தரைக்கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்த வீடுகள் இருந்தன. யோசித்துப் பாருங்கள், மிருதங்கத்துக்கு ரவை பூசுகிற மாதிரி வீட்டுக்கே பூசியிருக்கிறார்கள்! பாதிரிமாருக்கு இது பிடிக்கவில்லை. 1935இல் பொது நடன அரங்குச் சட்டம் வந்தது, உரிமம் இல்லாமல் பொது நடனம் கூடாது. எழுத்தில் அது பொது இடத்துக்குத்தான், ஆனால் வீட்டு ஆட்டத்தையும் அதை வைத்தே அடக்கினார்கள். ஆட்டம் மண்டபத்துக்குப் போனது, மண்டபம் நிறையச் சத்தம் வேண்டும் என்று பியானோவும் டிரம்மும் சேர்ந்த கெய்லி பேண்டுகள் என்ற ஆட்ட இசைக் குழுக்கள் பெருகின. பப்பில் சுற்றி உட்கார்ந்து வாசிப்பது அதற்கும் பிந்தியது.

எங்கள் பக்கத்தில் பொட்ரிக் ஓ'கீஃப் என்று ஒருவர், 1887 முதல் 1963 வரை வாழ்ந்தவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு வீடு வீடாக நடந்து பிடில் சொல்லிக் கொடுத்தவர். ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேல்நாட்டு இசைக்குறிப்பு தெரியாத பிள்ளைகளுக்காக, அதன் ஐந்து கோட்டின் நாலு இடைவெளியை நாலு தந்தி ஆக்கி, அதில் விரலின் எண்ணை எழுதித் தருவார். அவருடைய மாணவர் வாசித்தால் சும்மா நிற்கிறவனின் குதிகால்கூட அசையும். அவர்கள் ஆடுகிற காலைப் பார்த்து வாசித்தவர்கள்.

எனிஸில் கோஷ் நா ஹௌனா மண்டபத்தில் செட் பழக்குவார்கள். வயலினை வீட்டில் வைத்துவிட்டு ஆறு கிழமை அங்கே போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள்தான் உங்களுக்கு வாத்தியார்.

மலைத் தொடர்ச்சி:

டொனிகாலில் இருந்து ஒரு குறுக்கீடு. கிளேர் கிளேர் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே வடமேற்கில் வில் வேறு மாதிரி ஓடும், பெரும்பாலும் ஸ்வரத்துக்கு ஒரு வில், வெட்டு வெட்டாக, வேகமாக. கூலி வேலைக்கு ஸ்காட்லாந்து போய்ப் போய் வந்த ஊர், அந்த ஸ்காட்டிஷ் துள்ளலும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிடில்காரர் ஜான் டோஹர்ட்டியின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள், 1980இல் இறந்தார். தகர வேலை செய்யும் நாடோடிக் குடும்பம், தகரத்திலேயே பிடில் செய்த மரபு. கர்நாடக வில்லில் நீளமாக இழுத்துப் பழகியவருக்கு இந்த ஒற்றை வில் நல்ல மருந்து, கிளேர் பாணியின் இழைவை முதலிலேயே பிடிக்கப் போனால் நம் கீர்த்தனை வில்லே திரும்ப வந்துவிடும்.

பிடில்காரர் மைக்கேல் கோல்மனையும் கேளுங்கள், ஸ்லைகோக்காரர், 1914இல் அமெரிக்கா போய் 1920களில் நியூயார்க்கில் இசைத்தட்டு கொடுத்தார். அந்தத் தட்டுகள் கப்பலேறித் திரும்ப வந்து, ஊர் ஊருக்கு இருந்த பாணியை எல்லாம் அவர் பாணியாக மாற்றிவிட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, வாசிப்பு என்னவோ அபாரம். அப்புறம் உங்கள் மாவட்டத்துப் பிடில்காரர் மார்ட்டின் ஹேய்ஸ், நம்மவர்கள் எல்லோருக்கும் உடனே பிடிக்கும், ஏனென்றால் ஆலாபனை மாதிரி நிதானமாகத் தொடங்குவார். அவருடைய அப்பா டல்லா கெய்லி பேண்டை நடத்தியவர், அதாவது அந்த நிதானத்துக்கு அடியிலும் ஆட்டக்கால்தான் இருக்கிறது. அக்கா சொல்வது சரி.

ஷானன்கரை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அக்கா சொன்ன மண்டபத்துக்குப் போனோம், மூன்று பேரும். முதல் நாள் நான் இடம் வலம் மாறி எதிர் சோடிக்கு நடுவே போய் நின்றேன், ஒரு அம்மா என் தோளைப் பிடித்து, கதவைத் திருப்புவதுபோலத் திருப்பிவிட்டார். நாலாவது வாரம் ஒன்று புரிந்தது. தரையை விட்டுக் கால் கிளம்புவது அடியில் இல்லை, அடிக்குக் கொஞ்சம் முன்னால், அந்த "ட"வில். நான் இத்தனை நாளும் "த"வில் வில்லை அழுத்திக்கொண்டிருந்தேன், கால் கிளம்ப வேண்டிய நேரத்தில் வில் சும்மா இருந்தது. இதை டப்ளின் நண்பர் முதல் பதிலிலேயே எழுதிவிட்டார், படித்தேன், தலையாட்டினேன், முழங்கால் வலித்த பிறகுதான் ஏறியது. டொனிகால் நண்பர் சொன்ன ஒற்றை வில்லும் உதவியது.

செவ்வாய்க்கிழமை மேஜைக்குப் பெட்டியோடு போனேன். மூன்றாவது வாரம்தான் கேட்டார்கள், கான்செர்டினா பாட்டிதான் கேட்டார். எனக்குத் தெரிந்தது நாலு டியூன், அதில் ஒன்றை ஆரம்பித்தேன், வேகத்தைக் குறைத்து எல்லோரும் கூட வந்தார்கள், மூன்று சுற்று, முடிந்தது. கை நடுங்கியது. பக்கத்துப் பெரியவர் "உன் பிடிலைக் கொடு பார்க்கலாம்" என்று வாங்கி ஒரு ரீலை ஆரம்பித்தார், ஆரம்பித்த வேகத்தில் அவர் விரல் தந்தியோடு சறுக்கிக்கொண்டு பாதி தூரம் ஓடிவிட்டது. பழக்க தோஷத்தில் நான் கிளம்பும்போது விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வந்திருந்தேன், தந்தி முழுக்க எண்ணெய். அவர் விரலை மோந்து பார்த்தார். "இது என்ன, கேக்கா?" நான் விளக்க விளக்க மேஜையே சிரித்தது, அப்புறம் வழுக்கிக் காட்டு என்றார்கள், ஒரு நிமிஷம் சங்கராபரணம் வாசித்தேன், கமகத்தோடு. பாட்டி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இதற்கு ஆட முடியாதே, ஆனால் அழலாம் என்றார்.

போன ஞாயிறு வீட்டில் அதே பழைய ஜிக்கை வாசித்தேன். மகள் முழுதாக ஒரு சுற்று ஆடினாள், இரண்டாவது சுற்றில் நான் ஒரு இடத்தில் தப்பாக வாசித்தேன், அவள் நிற்கவில்லை.

வடகரை நண்பருக்கு: மாசியில் ஊருக்கு வருகிறேன். மேளக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், இந்த முறை உட்காருகிறேன்.

அக்கா, ஒரு சந்தேகம். என்னுடைய ஷூ ரப்பர் அடி, சுழலும்போது தரையில் பிடித்து முழங்கால் திருகுகிறது. டான்ஸ் ஷூ என்று தனியாக வாங்க வேண்டுமா, என்ன விலை இருக்கும்?

கார்க் அக்கா:

ஒன்றும் வாங்காதே. பழைய ஆபீஸ் சப்பாத்து இருக்கும்தானே, தோல் அடி வைத்தது, தேய்ந்தது. அதைப் போடு. முழங்காலுக்கு அந்தத் தேங்காய் எண்ணெயைப் பூசு.